கேமலாட் என்ற மெட்டல் இசைக்குழுவின் 13 ஆல்பங்களில் எதிலிருந்து தொடங்குவது? அமெரிக்கக் குழு ஏன் ஐரோப்பியக் குழு மாதிரி ஒலிக்கிறது?

கேட்டவர் சொல்வது இதுதான்: ஹெலோவீன், ராப்சொடி மாதிரி ஐரோப்பிய பவர் மெட்டல் (வேகமும் மெலடியும் கலந்த ஹெவி மெட்டல்) குழுக்கள் எல்லாம் கேட்டாயிற்று, கேமலாட் பக்கம் வரலாம் என்று முதல் ஆல்பத்தைப் போட்டால் ஒட்டவில்லை, எல்லோரும் புகழ்கிற குழு இதுதானா என்று சந்தேகம் வருகிறது.

சந்தேகம் நியாயமானது. ஆனால் அது குழுவைப் பற்றியதல்ல, வரிசையைப் பற்றியது. கேமலாட்டை வெளிவந்த வரிசையில் கேட்கவே கூடாது. 'கர்மா' (2001), 'எபிகா' (2003), 'த பிளாக் ஹேலோ' (2005) என்று மூன்றையும் இதே ஒழுங்கில் கேளுங்கள். அப்புறம் ஒரு படி பின்னால் போய் 'த ஃபோர்த் லெகசி' (1999). அதற்குப் பிறகு 'கோஸ்ட் ஆப்பரா' (2007), 'சில்வர்தார்ன்' (2012). மிச்சத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

ஏன் இப்படி என்றால், இது பாடகர் மாறியபோது பாட்டே மாறிய குழு. கிடாரிஸ்ட் தாமஸ் யங்ப்ளட்டும் டிரம்மர் ரிச்சர்ட் வார்னரும் ஃப்ளோரிடாவின் டாம்பாவில் ஆரம்பித்தது. அந்தக் காலத்தில் டாம்பா என்றால் உறுமல் குரலில் பாடும் டெத் மெட்டல்தான்: டெத், ஒபிச்சுவரி, மார்பிட் ஏஞ்சல், டெய்சைட் போன்ற குழுக்கள். அந்த ஊரில் உட்கார்ந்து ஆர்தர் அரசனின் கோட்டைப் பெயரை வைத்துக்கொண்டு மெலடியோடு பாடியவர்களுக்கு ஜெர்மனியின் நாய்ஸ் ரெக்கார்ட்ஸ் என்ற இசை நிறுவனம்தான் வாய்ப்புக் கொடுத்தது. 'எடர்னிட்டி' (1995), 'டொமினியன்' (1997) இரண்டிலும் பாடியவர் மார்க் வாண்டர்பில்ட். மேல்ஸ்தாயியில் நீட்டிப் பாடுகிற குரல். குவீன்ஸ்ரைக், கிரிம்சன் குளோரி குழுக்களின் வழியில் வந்த எண்பதுகளின் அமெரிக்கப் பாணி. ரிஃப்கள், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிடார் துணுக்குகள், மோசமில்லை. ஆனால் பாட்டு எங்கே உச்சத்துக்குப் போக வேண்டும் என்ற கணக்கு இன்னும் பிடிபடவில்லை. தொடக்கத்திலேயே குரல் உச்சியில் நிற்பதால் கோரஸ் (பல்லவி) வரும்போது ஏறுவதற்கு இடமில்லை. முதல் ஆல்பம் ஒட்டாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

மூன்றாவது ஆல்பம் 'சீஜ் பெரிலஸ்' (1998). ஆர்தரின் வட்டமேசையில் புனிதக் கிண்ணத்தைக் கண்டடையும் வீரனுக்காகக் காலியாக விடப்பட்ட ஆசனத்தின் பெயர். இங்கேதான் வாண்டர்பில்ட்டும் வார்னரும் போய், நார்வேயின் கன்செப்ஷன் குழுவில் பாடிய ராய் கானும், டிரம்மர் கேசி கிரில்லோவும் வருகிறார்கள். ஆள் சரி, பாட்டு இன்னும் அவர் அளவுக்கு வெட்டித் தைத்த சட்டையாக இல்லை. கானின் பலம் மந்திர ஸ்தாயிக்கும் நடு ஸ்தாயிக்கும் இடைப்பட்ட பகுதி. அங்கே அவர் கிட்டத்தட்ட கிசுகிசுப்பது போலத் தொடங்கி, ஒரே வரிக்குள் குரலை அகலமாக்குவார். இந்த ஆல்பம் அதற்கு அவருக்கு இடமே கொடுக்கவில்லை.

அடுத்த ஆண்டே எல்லாம் மாறுகிறது. 'த ஃபோர்த் லெகசி'யிலிருந்து சாஷா பேத், மிரோ என்ற இருவர் கைக்குத் தயாரிப்பு போகிறது. இடம் ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க். ராப்சொடி, ஆங்க்ரா, எட்கை, அவான்டேசியா என்று அந்தக் காலத்து ஐரோப்பிய பவர் மெட்டலின் பெரும்பகுதியின் ஒலியில் சாஷா பேத்தின் கை இருக்கிறது. கேள்வியின் இரண்டாம் பாதிக்கு விடை இதுவே. கிடாரும் குழுவின் உரிமையும் ஃப்ளோரிடாவில், குரல் நார்வேயில், ஆர்கெஸ்ட்ரா அடுக்குகளும் மிக்ஸிங்கும் ஜெர்மனியில். 2005இல் கீபோர்டுக்கு வந்த ஆலிவர் பாலோடாயும் ஜெர்மானியர்.

இன்னொரு நுட்பமான விஷயம்: கேமலாட்டில் கிடாரிஸ்ட் ஒருவர்தான். அதனால் ரிஃப்கள் இரட்டைக் கிடார் குழுக்களைப் போல இடைவெளியே இல்லாமல் நிரப்புவதில்லை. யங்ப்ளட் கொஞ்சம் வாசித்துவிட்டு ஒதுங்குவார். அந்த இடைவெளியில் வயலினும் சேர்ந்திசைக் குரல்களும் வந்து உட்காரும். சோலோக்களும் சுருக்கம். வேகமாக விரல் ஓட்டுவதை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். பாட்டின் மெட்டையே கிடாரில் கொஞ்சம் வளைத்துச் சொல்வது அவர் வழி.

'கர்மா'வில் தொடங்கச் சொன்னதற்குக் காரணம், பழைய பவர் மெட்டல் வேகமும் கானின் குரலும் சரிபாதியாக இருப்பது அங்கேதான். சிறு ஆர்கெஸ்ட்ரா முன்னோட்டம் முடிந்ததும் 'ஃபார்எவர்' பாய்கிறது. அதன் மெட்டைக் கூர்ந்து கேளுங்கள்: நார்வே இசையமைப்பாளர் கிரீக், இப்சனின் 'பேர் கின்ட்' நாடகத்துக்காக எழுதிய சோல்வெய்க்கின் பாடல். காத்திருக்கும் பெண்ணின் மெல்லிய சோகப் பாட்டை, இரண்டு காலாலும் வேகமாக அடிக்கும் டபுள் பேஸ் டிரம் மேல் ஏற்றியும் சோகம் கெடாமல் வைத்திருக்கிறார்கள். இது சாதாரண வேலை இல்லை. இதே முயற்சியில் எத்தனையோ குழுக்கள் மூல மெட்டைக் கேலிக்கூத்தாக்கியிருக்கின்றன. ஆல்பத்தின் கடைசி மூன்று பாடல்கள் ஹங்கேரியின் பிரபு குலப் பெண் எலிசபெத் பாதோரியைப் பற்றியவை, சேர்ந்து சுமார் 12 நிமிடம். அவற்றைத் தனித்தனியாகக் கேட்டால் பாதி அர்த்தம் போய்விடும்.

இப்போது முக்கியமான இடம். 'எபிகா'வும் 'த பிளாக் ஹேலோ'வும் ஒரே கதையின் இரு பாகங்கள். கெதேயின் 'ஃபவுஸ்ட்' நாடகத்தைத் தழுவியது. ஆரியல் என்ற அறிவுத்தாகம் பிடித்த மனிதன், வாழ்வின் பொருளைத் தேடித் தன்னை நேசிக்கும் ஹெலனாவை விட்டுப் போகிறான். மெஃபிஸ்டோ வந்து உடன்படிக்கை பேசுகிறான்: இப்படியே என்றென்றும் இருக்கலாமே என்று ஆரியல் ஏங்கும் அளவுக்கு ஒரு கணம் வாய்த்தால் அவன் ஆன்மா மெஃபிஸ்டோவுக்கு. கருவுற்றிருக்கும் ஹெலனா ஆற்றில் மூழ்கி இறக்கிறாள். அதோடு முதல் பாகம் முடிகிறது. இரண்டாம் பாகத்தில் ஹெலனாவின் சாயலில் இருக்கும் மார்கரீட் வருகிறாள். ஆரியலின் குற்ற உணர்ச்சி முற்றுகிறது.

மூல நாடகம் படித்தவர்களுக்கு இங்கே ஒரு சுவாரசியம் உண்டு. கெதேயில் முதல் பாகத்தில் வருபவள் கிரெட்சன், அதாவது மார்கரீட். ஹெலன் இரண்டாம் பாகத்தில்தான். கானும் யங்ப்ளட்டும் இதைத் தலைகீழாக்கிவிட்டார்கள். நாடகத்தில் கிரெட்சன் தன் குழந்தையை நீரில் மூழ்கடிக்கிறாள். இங்கே தாயே கருவோடு மூழ்குகிறாள். இந்த ஒரு மாற்றத்தால் இரண்டாம் ஆல்பம் முழுக்க இறந்தவளின் நினைவு துரத்துகிற கதையாகிறது. தழுவல் என்றால் இப்படித் துணிந்து செய்ய வேண்டும்.

கேட்கும்போது எங்கே கெடும் என்று சொல்கிறேன். 'எபிகா'வில் 16 டிராக். அதில் நான்கு இடைக்காட்சிகள், தவிர முன்னுரையும் ஹெலனாவின் சிறு பாட்டும். 'த பிளாக் ஹேலோ'வில் 14 டிராக், மூன்று இடைக்காட்சிகள். ஸ்ட்ரீமிங் ஆப்பில் ஷஃபிள் இருந்தால் கதை சிதறிவிடும், முதலில் அதை அணையுங்கள். கிராஸ்ஃபேட் (ஒரு டிராக் முடியுமுன் அடுத்ததைக் கலப்பது) வசதி இருந்தால் அதையும் அணைத்துவிட்டு, இடைவெளியின்றி ஓட்டும் கேப்லெஸ் பிளேபேக்கை இயக்குங்கள். இல்லாவிட்டால் ஒரு டிராக்கின் வால் அடுத்ததன் தலையைத் தின்றுவிடும், அல்லது நடுவில் அரை நொடி மௌனம் விழும். போன் ஸ்பீக்கர் வேண்டாம். கானின் கீழ்ஸ்தாயியும் செல்லோவும் இருக்கும் அலைவரிசையைத்தான் சின்ன ஸ்பீக்கர் முதலில் விழுங்கும். மிஞ்சுவது டிரம்மின் தாளத்தட்டும் (ஹைஹாட்) கீபோர்டும் மட்டும். சாதாரண ஓவர்-இயர் ஹெட்போனே போதும். ஈக்வலைசரில் பேஸைத் தூக்காதீர்கள், கிக் டிரம் குரல்மேல் ஏறிவிடும். பாடல்வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒருமுறையாவது கேளுங்கள். பல இடங்களில் ஆரியலாகவும் மெஃபிஸ்டோவாகவும் கானே பாடுகிறார். வரி தெரியாவிட்டால் யார் பேசுவது என்று புரியாது.

'த பிளாக் ஹேலோ'வில் இந்தக் குழப்பம் குறைவு, ஏனென்றால் பாத்திரங்களுக்குத் தனிக் குரல்கள் வந்துவிட்டன. முதல் பாடல் 'மார்ச் ஆஃப் மெஃபிஸ்டோ'வில் டிம்மு போர்கிர் குழுவின் ஷாக்ராத் மெஃபிஸ்டோவாக உறுமுகிறார். 'த ஹான்டிங்'கில் மார்கரீட்டாக வருபவர் சிமோன் சிமன்ஸ். அவருடைய குழுவின் பெயர் எபிகா. சஹாரா டஸ்ட் என்று இருந்ததைக் கேமலாட்டின் 'எபிகா' ஆல்பத்தின் பெயராலேயே மாற்றிக்கொண்டார்கள். ஹெலனாவின் குரல் மாரி யங்ப்ளட். ஸ்ட்ராட்டோவேரியஸ் குழுவின் ஜென்ஸ் யோஹான்சன் இரண்டு பாடல்களில் கீபோர்டு சோலோ வாசித்திருக்கிறார்.

'மார்ச் ஆஃப் மெஃபிஸ்டோ' வேகப்பாட்டே அல்ல என்பதைக் கவனியுங்கள். பவர் மெட்டல் ஆல்பம் நாலுகால் பாய்ச்சலில்தான் தொடங்க வேண்டும் என்ற எழுதாத விதியை உடைத்து, நடுவேகத்தில் கனமாக அடியெடுத்து வைக்கிறது. வேகத்தைக் குறைத்ததால்தான் கானால் ஒவ்வொரு சொல்லையும் நடிக்க முடிகிறது. 'மெமெண்டோ மோரி' இன்னும் ஒரு படி மேல், ஏறத்தாழ 9 நிமிடம். பியானோவும் அடங்கிய குரலுமாகத் தொடங்கி, டிரம் வந்து, பெண்குரல் வந்து, நடுவில் மெஃபிஸ்டோ குறுக்கே வந்து, மறுபடி அமைதிக்குத் திரும்பி ஏறுகிறது. ஒரே ஒரு பாடலை வைத்துக் குழுவை மதிப்பிட வேண்டுமென்றால் இதை வைத்து மதிப்பிடுங்கள். அமெரிக்கக் குழு எதுவும் இந்த வகையில் 'த பிளாக் ஹேலோ'வைத் தாண்டவில்லை என்பது என் உறுதியான கருத்து.

இந்தக் காலத்து மேடையைப் பார்க்க வேண்டுமென்றால் 2006 பிப்ரவரியில் ஆஸ்லோவின் ராக்கஃபெல்லர் அரங்கில் பதிவான 'ஒன் கோல்ட் வின்டர்ஸ் நைட்' டிவிடி இருக்கிறது.

'கோஸ்ட் ஆப்பரா' இறுக்கமான, இருண்ட ஆல்பம்; பாடல்கள் சுருக்கம், வேகம் இன்னும் குறைவு. 1940இல் ஆஸ்லோ ஃபியோர்டில் மூழ்கடிக்கப்பட்ட ஜெர்மன் போர்க்கப்பல் புளூஹரைப் பற்றி ஒரு பாடல் உண்டு, கானின் சொந்த மண்ணின் கதை. 'பொயட்ரி ஃபார் த பாய்சன்ட்' (2010) விருந்தினர்களால் நிரம்பி வழிகிறது: சாவடாஜ் குழுவின் புகழ்பெற்ற ஜான் ஒலிவா, சாயில்வொர்க் குழுவின் பியோர்ன் ஸ்ட்ரிட், கிடாரில் கஸ் ஜி. நான்கு பகுதிகள் கொண்ட தலைப்புப் பாடல் நன்றாக இருக்கிறது. மற்றபடி குழுவின் முகம் கூட்டத்தில் தொலைகிறது. அவசரமில்லாமல் கேட்கலாம்.

கான் 2010இல் உடல்நலம் குன்றிச் சுற்றுப்பயணத்திலிருந்து விலகினார். 2011இல் குழுவை விட்டே போனார். இடைக்காலத்தில் மேடையில் பாடியவர் ராப்சொடியின் ஃபாபியோ லியோனே. 2012இல் சுவீடனின் செவன்த் வொண்டர் பாடகர் டாமி காரெவிக் நிரந்தரமானார். 'சில்வர்தார்ன்' அவருடைய முதல் ஆல்பம். 19ஆம் நூற்றாண்டில் ஜோலி என்ற சிறுமி தன் இரட்டைச் சகோதரர்களின் கைகளில் கிடந்தபடி இறப்பதும், குடும்பம் அதை மறைப்பதும் கதை. அதில் காரெவிக் கானின் சாயலிலேயே நிறையப் பாடுகிறார். புது ஆள் பழைய ரசிகர்களை இழக்காமல் இருக்க வேறு வழியும் இருந்திருக்காது. 'வெய்ல் ஆஃப் எலிசியம்' 'ஃபார்எவர்' பிடித்தவர்களுக்கு உடனே பிடிக்கும்.

அவருடைய குரல் இயல்பாகவே கானைவிட மேலே ஏறும். 'ஹேவன்' (2015) அதைப் பயன்படுத்த ஆரம்பிக்கிறது; பாடகி சார்லட் வெஸ்ஸல்ஸோடு அவர் பாடும் 'அண்டர் கிரே ஸ்கைஸ்' அதற்கு நல்ல உதாரணம். 'த ஷேடோ தியரி' (2018) எனக்கு ஒலியளவில் மூச்சுமுட்டுகிறது: எல்லா அடுக்கும் எப்போதும் சத்தமாக இருப்பதால் ஏற்ற இறக்கம் தெரிவதில்லை. வால்யூமைக் குறைத்துக் கேட்டால் கொஞ்சம் தேவலை. ஐந்து ஆண்டு இடைவெளிக்குப் பிறகு வந்த 'த அவேக்கனிங்' (2023) காற்றோட்டமாக இருக்கிறது. டீனா குவோவின் செல்லோ தெளிவாகக் காதில் விழுகிறது.

இத்தனையும் கேட்ட பிறகு 'எடர்னிட்டி'க்குத் திரும்புங்கள். அப்போது யங்ப்ளட்டின் ரிஃப் எழுதும் பழக்கங்கள் அதிலேயே இருப்பது தெரியும். கானின் குரல் பிடித்துப்போனவர்கள் கன்செப்ஷனின் 'பேரலல் மைண்ட்ஸ்' (1993), 'இன் யுவர் மல்டிட்யூட்' (1995) இரண்டையும் தேடுங்கள். அந்தக் குழு மறுபடி கூடி 2020இல் 'ஸ்டேட் ஆஃப் டிசெப்ஷன்' என்ற ஆல்பத்தையும் வெளியிட்டது, கானின் குரலோடு. காரெவிக் பிடித்தவர்களுக்கு செவன்த் வொண்டரின் 'மெர்சி ஃபால்ஸ்' (2008).