பிராண்டுக்கும் மில்லுக்கும் நடுவில் நிற்பவர்கள் கேட்டவை

கொழும்பிலும் சுற்றுவட்டாரத்திலும் விளையாட்டு ஆடைத் துறையில் வேலை செய்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் ஐந்தை எடுத்திருக்கிறேன். எல்லாமே பிராண்ட், மில், தொழிலாளர் என்று ஒரு வேலையில் தொடர்புள்ளவர்களோடு, அதாவது ‘ஸ்டேக்ஹோல்டர்’களோடு, எப்படி நடந்துகொள்வது என்பது பற்றியவை. இந்தச் சொல்லைப் பங்குதாரர் என்று எழுதினால் பங்குச் சந்தைக்காரர் நினைவுக்கு வருகிறார். அதனால் ‘சம்பந்தப்பட்டவர்கள்’ என்றே எழுதுகிறேன்.

நான் மேர்ச்சண்டைசர், பிராண்டின் ஓர்டரைத் தொழிற்சாலைப் பக்கமிருந்து பார்த்துக்கொள்பவர். வெள்ளவத்தையில் இருக்கிறேன். துணி பத்து நாள் பிந்தும் என்று மில் சொல்லிவிட்டது. பிராண்டிடம் இப்போதே சொல்லவா? மில்லை நெருக்கி நாலைந்து நாளை மீட்டுவிட்டுச் சொல்லவா?

இப்போதே சொல்லுங்கள். இன்றைக்குச் சொன்னால் பிராண்டின் கையில் பல வழிகள் இருக்கும். ஓர்டரை இரண்டாகப் பிரிக்கலாம், அதிகம் விற்கும் சைஸ்களை முதலில் ஏற்றலாம், கடையில் வைக்கும் வாரத்தைத் தள்ளலாம். ஒரு வாரம் போனால் விமானம் மட்டும்தான் மிஞ்சும். அந்தக் கூலி யார் தலையில் விழும் என்பது உங்களுக்கே தெரியும்.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். கருநீல லெகிங்ஸ் ஓர்டர் ஒன்று. உடல் துணி ஒரு மில்லில் இருந்து, இடுப்பு எலாஸ்டிக் இன்னொரு மில்லில் இருந்து. நிறம் ஒப்பிட்டுப் பார்க்கும் லைட் பொக்ஸில் பகல் வெளிச்சமான டி65 விளக்கைப் போட்டால் இரண்டும் ஒரே நிறம். கடை வெளிச்சத்துக்குரிய டிஎல்84ஐப் போட்டதும் எலாஸ்டிக் மட்டும் ஊதாப் பக்கம் சாய்ந்தது. சாயத்தைத் திருத்தி மில்லே புது எலாஸ்டிக் தரட்டும் என்று ஒன்பது நாள் வாய் திறக்காமல் இருந்தேன். கடைசியில் சொன்னபோது பிராண்ட் பக்கத்துப் பெண்மணி கோபப்படவில்லை. ‘போன கிழமை சொல்லியிருந்தால் கறுப்பு எலாஸ்டிக்குக்கு ஓம் என்றிருப்பேனே’ என்றார், அவ்வளவுதான். கறுப்பு எலாஸ்டிக் எங்கள் ஸ்டோரிலேயே ரோல் ரோலாகக் கிடந்தது.

முதலில் போன், அப்புறம் மெயில். மெயிலில் எந்த ஸ்டைல், எத்தனை பீஸ், புதுத் தேதி, நீங்கள் யோசித்த இரண்டு வழி, அடுத்த தகவல் எந்த நாள் எத்தனை மணிக்கு என்பவை இருக்கட்டும். ‘மில்லோடு தொடர்ந்து பேசிக்கொண்டிருக்கிறோம்’ என்ற வரியை எழுதவே வேண்டாம், அதை வைத்து அவர்களால் ஒரு முடிவும் எடுக்க முடியாது. இன்னொன்று. சித்திரைப் புத்தாண்டுக்குத் தையல் பிள்ளைகள் ஊருக்குப் போவது பிராண்டின் கலண்டரில் இருக்காது. ஜனவரியிலேயே சொல்லி வையுங்கள், ஏப்ரலில் சொன்னால் அது சாக்குப்போக்காகத்தான் கேட்கும்.

எம்பிஏ வகுப்பில் அதிகாரம் ஒரு பக்கம், அக்கறை ஒரு பக்கம் என்று நான்கு கட்டம் வரைந்து, சம்பந்தப்பட்டவர்களை அதில் போடச் சொல்கிறார்கள். நடைமுறையில் உதவுமா?

பரீட்சைக்கு உதவும். வேலையில் பாதி உதவும். ஆட்கள் கட்டம் மாறிக்கொண்டே இருப்பார்கள் என்பதுதான் பிரச்சினை. சாயப்பட்டறையின் இரவு ஷிப்ட் மேற்பார்வையாளரை உங்கள் படத்தில் கீழ் மூலையில் போட்டிருப்பீர்கள். ஏற்றுமதிக்கு மூன்று வாரம் இருக்கும்போது உங்கள் துணியை முதலில் தொட்டியில் போடுவதா, பக்கத்து ஓர்டரைப் போடுவதா என்பதை அவர்தான் தீர்மானிப்பார். அன்றைக்கு முகாமைப் பணிப்பாளரைவிட அவருக்குத்தான் அதிகாரம். நான் கட்டத்துக்குப் பதிலாகத் தேதி வரிசை ஒன்று வைத்திருப்பேன், எந்தக் கிழமை யாருடைய கையில் வேலை நிற்கிறது என்று. அவர்களோடு அதற்கு முந்தின மாதமே கதைத்துவிடுவேன்.

அமெரிக்க வரியில் ஒரு பகுதியை நாங்கள் ஏற்க வேண்டும் என்று பிராண்ட் கேட்கிறது. மறுத்தால் உறவு கெடுமா?

எஃப்ஓபி விலையில், அதாவது கப்பலில் ஏற்றும் வரையான செலவு மட்டும் உங்களுடையது என்ற விலையில் விற்றால், இறக்குமதி வரி சட்டப்படி உங்களுடையதல்ல. கேட்பது அவர்கள் உரிமை என்று வைத்துக்கொள்ளுங்கள். 2025 ஏப்ரலில் இலங்கைக்கு 44 வீதம் என்று அறிவித்தார்கள், ஆகஸ்டில் அது 20 ஆனது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிஎஸ்பி பிளஸ் வரிச்சலுகை 2010இல் நமக்கு நின்று 2017இல் திரும்பியது. வரி இப்படி ஏறும், இறங்கும். ஒருமுறை குறைத்துக் கொடுத்த விலையை மறுபடி ஏற்றுவது லேசில் நடக்காது. ஆகவே கொடுப்பதென்றால் முடிவுத் தேதி எழுதி, இந்தச் சீசனுக்கு மட்டும் என்று கொடுங்கள். பதிலுக்கு எதையாவது கேளுங்கள்: வேலை குறைந்த மாதங்களுக்கு ஓர்டர், அல்லது 90 நாளில் வரும் பணம் 60 நாளில். வெறுமனே தலையாட்டினால் மரியாதை கூடிவிடாது, அடுத்த முறையும் கேட்பார்கள்.

கட்டுநாயக்கவில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். தொழிற்சங்கம் ஒன்று தன்னை அங்கீகரிக்கும்படி கடிதம் அனுப்பியிருக்கிறது. பதில் போடாமல் விட்டால் அடங்கிவிடும் என்கிறார் எங்கள் பெரியவர்.

அடங்காது. 1999இல் திருத்திய கைத்தொழில் பிணக்குகள் சட்டப்படி, சங்கம் யாருக்காகப் பேரம்பேச வருகிறதோ அந்தத் தொழிலாளரில் 40 வீதத்துக்குக் குறையாதவர் அதில் உறுப்பினராக இருந்தால் முதலாளி அதை ஏற்றுப் பேச வேண்டும். எண்ணிக்கை உண்டா இல்லையா என்பதைத் தொழில் திணைக்களம் பார்க்கட்டும். உங்கள் வேலை, கடிதம் கிடைத்தது என்று உடனே எழுத்தில் சொல்வது.

அதே நாளில் பிராண்டுக்கும் நீங்களே சொல்லிவிடுங்கள். 90களில் நைக்கி பிராண்டுக்குத் தைத்த தொழிற்சாலைகளில் தொழிலாளர் பட்ட பாட்டுக்காக அதன் மீது எழுந்த எதிர்ப்பை நினைத்துப் பாருங்கள். தொழிற்சாலைகள் எங்களுடையவை அல்ல என்பதே ஆரம்பத்தில் அவர்கள் பதிலாக இருந்தது, வாடிக்கையாளர்கள் அதை ஏற்கவில்லை. 2005இல் தங்களுக்குத் தைக்கும் தொழிற்சாலைகளின் பட்டியலையே வெளியிட்டார்கள். இன்றைக்குப் பல பெரிய பிராண்டுகளின் பட்டியல் எவர் கையிலும் கிடைக்கும். சங்கத்துக்கு உங்கள் பிராண்ட் யார் என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். பெரியவரிடம் இதைக் காட்டுங்கள், சட்டத்தைவிட இது அவருக்குக் கெதியாக விளங்கும்.

பிராண்டின் கொழும்பு அலுவலகத்தில் இருப்பவர்களுக்குப் புத்தாண்டுக்கு ஹாம்பர் (பரிசுக் கூடை) அனுப்பலாமா?

முதலில் அவர்களுடைய ஒழுக்கக்கோவையைக் கேட்டு வாங்கி வாசியுங்கள். அது இடம் கொடுத்தால் கொக்கிஸும் பணியாரமும் ஒரு பெரிய தட்டில், அலுவலகம் முழுவதுக்கும். தர மேற்பார்வையாளரின் வீட்டு முகவரிக்கு மட்டும் எதுவும் போகக் கூடாது. அவர் நல்லவராக இருந்தால் அவருக்குத்தான் சங்கடம்.