நாவலும் மாங்காவும் முரண்பட்டால் எது கேனன்?

விண்வெளியில் ஒரு பேரரசும் ஒரு ஜனநாயக நாடும் போரிடும் ‘லெஜண்ட் ஆஃப் த கேலக்டிக் ஹீரோஸ்’ என்ற ஜப்பானிய நாவல் வரிசையை இரண்டு பேர் தனித்தனியாக மாங்காவாக (ஜப்பானியக் காமிக்ஸாக) வரைந்திருக்கிறார்கள், இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை, இதில் எதைக் கேனனாக, அதாவது கதையின் அதிகாரபூர்வ வடிவமாக, எடுத்துக்கொள்வது, எங்கிருந்து படிக்கத் தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நேரடிப் பதில்: யோஷிகி தனாகாவின் நாவல்தான் கேனன். ஆனால் அதோடு விட்டால் மாங்காவை ‘தப்பான பிரதி’ என்று நினைத்துப் படிக்கத் தொடங்கிவிடுவீர்கள். அது நடக்கக் கூடாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கேனன் பற்றிய கேள்வி பெரும்பாலும் ஸ்டார் வார்ஸ் மாதிரி, பலர் சேர்ந்து கதை எழுதும் பொது உலகங்களிலிருந்து நமக்குப் பழகியது. அங்கே தீர்ப்புச் சொல்ல ஒரு நிறுவனம் இருக்கிறது. 2014 ஏப்ரலில் லூகாஸ்ஃபிலிம், அதுவரை வந்திருந்த நாவல்களையும் காமிக்ஸ்களையும் ‘லெஜண்ட்ஸ்’ என்று ஒரே அடியாகத் தனியே ஒதுக்கியது. அதற்கடுத்த ஆண்டு கிளாடியா கிரே எழுதிய ‘லாஸ்ட் ஸ்டார்ஸ்’ புதிய கேனனுக்குள் வந்த நாவல். யூசாகு கோமியாமா அதை மாங்காவாக்கினார். டெத் ஸ்டார் என்ற ராட்சத விண்கோட்டை வெடிக்கும் சம்பவத்தைப் பேரரசின் பக்கத்திலிருந்து பார்க்கும் கதை அது. படத்தில் ஏற்கெனவே பார்த்ததை மாங்கா மாற்ற முடியாது, ஏனென்றால் மேலே ஒரு படம், அதற்குக் கீழே ஒரு நாவல், அதற்கும் கீழேதான் மாங்கா. அங்கே ‘இது செல்லுமா’ என்று கேட்பதில் அர்த்தம் இருக்கிறது.

தனாகாவின் கதை அப்படிப்பட்டதல்ல. முதல் தொகுதி 1982-ல் வந்தது, 1987-ல் பத்தாவது தொகுதியோடு மூலக்கதை முடிந்துவிட்டது. கிளைக்கதைகளும் அவர் எழுதியவைதான். 110 பகுதி அனிமே (ஜப்பானிய அனிமேஷன் தொடர்), இரண்டு மாங்கா, 2018-ல் தொடங்கிய புதிய அனிமே எல்லாமே அவர் எழுதிய கதையைத் திரும்பச் சொல்பவை. எதுவும் இன்னொன்றின் தொடர்ச்சி இல்லை. ஆகவே தொடர்ச்சியை ஒவ்வொன்றுக்குள்ளும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

இதற்கு நல்ல உதாரணம் ருபின்ஸ்கி. நாவலில் இரண்டு நாடுகளுக்கும் நடுவே இருக்கும் வணிக நாடான ஃபெஸானை ஆளும் ஏட்ரியன் ருபின்ஸ்கி மொட்டைத் தலையும் ஆஜானுபாகுவான உடம்புமாக வரும் ஆண். கட்சுமி மிச்சிஹாராவின் மாங்காவில் அதே நாற்காலியில் ருபின்ஸ்காயா என்ற பெண் உட்கார்ந்திருக்கிறாள். முதல்முறை பார்க்கிறவர்களுக்குத் தூக்கிவாரிப் போடும். எனக்கு இந்த மாற்றம் பிடிக்கும். ராணுவச் சீருடை போட்ட ஆண்களே நிறைந்த கதையில், போருக்கு வெளியே நின்று இரண்டு பக்கமும் காய் நகர்த்துகிறவள் ஒரு பெண் என்றால் அந்த அரசியலின் வாசனையே மாறுகிறது. ஆனால் இந்த ருபின்ஸ்காயாவைத் தூக்கி நாவலின் மூன்றாம் தொகுதிக்குள் வைக்க முடியாது. அங்கே தகப்பனைக் கவிழ்க்கத் துடிக்கும் ஒரு மகன் வருகிறான் (கதையைக் கெடுப்பதற்கு மன்னிக்கவும், இதைச் சொல்லாமல் விளக்க முடியவில்லை). அவனுக்கும் ருபின்ஸ்கிக்கும் நடுவில் நடப்பதெல்லாம் ஒரு தகப்பன், அவன் கைவிட்ட மகன் என்ற உறவின் மேல் கட்டியது. இரண்டு வடிவங்களைக் கலந்து ஒரே ‘உண்மை வரலாறு’ செய்யப் பார்த்தால் இங்கேயே சரிந்துவிடும்.

ரியு ஃபுஜிசாகியின் மாங்கா 2015-ல் ‘யங் ஜம்ப்’ வார இதழில் தொடங்கியது. ஃபுயுமி ஓனோவின் ‘ஷிகி’ நாவலை மாங்காவாக்கியவரும் இவர்தான், நாவலைக் கையாளத் தெரிந்தவர். இவர் செய்த பெரிய மாற்றம் வரிசையில் இருக்கிறது. முன்கதையான வரலாற்றைத் தாண்டினால், நாவல் அஸ்டார்ட்டே போரில் தொடங்குகிறது. கப்பலின் மேடையில் கால் வைக்கும் கிர்ச்சைஸ், ரெய்ன்ஹார்டின் நண்பன், எதிரே தெரியும் விண்மீன்களைப் பார்த்து ஒரு கணம் நிற்கிறான். அப்புறம் ரெய்ன்ஹார்ட், பேரரசின் இருபது வயதுத் தளபதி. எதிரியிடம் நாற்பதாயிரம் கப்பல், இவனிடம் இருபதாயிரம். மூன்று பக்கமும் வளைத்துவிட்டார்கள், பின்வாங்கலாம் என்று தன் பக்கத்து அதிகாரிகள் வாதாட, எதிரி மூன்றாகப் பிரிந்து நிற்பதுதான் நமக்கு லாபம் என்கிறான் இவன். அந்தத் திமிரையும் மேதைமையையும் பார்த்துவிட்டுத்தான் இவன் யார் என்று நமக்குக் கேட்கத் தோன்றும். பத்து வயதில் அவனுடைய அக்கா அன்னெரோஸைப் பேரரசன் எடுத்துக்கொண்டு போன கதை அதற்குப் பிறகு நினைவாக வந்துபோகிறது.

ஃபுஜிசாகி அந்தச் சிறுவயதிலிருந்தே தொடங்குகிறார். கிளைக்கதைகளில் இருந்த சம்பவங்களைக் கால வரிசைப்படி முன்னே கொண்டுவருகிறார். தகவல் என்று பார்த்தால் பெரும்பாலும் தனாகா எழுதியதுதான், கேனனை மீறியதாகச் சொல்ல முடியாது. ஆனாலும் வாசிக்கும் அனுபவம் தலைகீழாகிவிடுகிறது. அஸ்டார்ட்டே வருவதற்குள் நாம் ரெய்ன்ஹார்டின் ஆளாகிவிட்டோம். அவனுடைய கோபம் நியாயமானது என்று மனசு முன்பே முடிவு செய்துவிட்டது. நாவல் நம்மை அப்படிச் சாய விடாது. சம்பவங்களை ஒப்பிட்டு அட்டவணை போடுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படாது. எனக்கு இது ருபின்ஸ்காயாவை விடப் பெரிய மாற்றம்.

மாங்காவால் கொண்டுவர மிகவும் கஷ்டமான ஒன்றும் உண்டு. தனாகா இந்தக் கதையை ஒரு வரலாற்று நூலைப் போல எழுதியிருக்கிறார். பின்னாளைய வரலாற்றாசிரியர்கள் இந்தப் போரைப் பற்றி என்ன சொன்னார்கள், எதில் சண்டை போட்டுக்கொண்டார்கள் என்று நடுநடுவே வரும். சிலருடைய மரணத்தைக்கூட நடப்பதற்கு முன்பே சொல்லிவிடுவார். ஜனநாயகப் பக்கத்து நாயகன் யாங் வென்லியே வரலாறு படிக்கக் காசில்லாமல் ராணுவக் கல்லூரியில் சேர்ந்தவன். மாங்காவின் கட்டங்களில் எல்லாமே நம் கண் முன்னே இப்போது நடக்கிறது. அந்தத் தொலைவிலிருந்து பேசும் குரலைப் படத்துக்குள் கொண்டுவருவது லேசில்லை.

எல்லாத் தழுவலும் இவ்வளவு விலகுவதில்லை. ஹிரோஷி சகுராசகாவின் ‘ஆல் யூ நீட் இஸ் கில்’ நாவலுக்குத் தகேஷி ஒபாதா வரைந்த மாங்கா நாவலின் முடிவை அப்படியே வைத்திருக்கிறது. 2014-ல் வந்த ஹாலிவுட் படம்தான் முடிவை மாற்றியது.

சரி, எங்கே தொடங்குவது? நாவலின் முதல் இரண்டு தொகுதிகளை முதலில் படியுங்கள், ஆங்கில மொழிபெயர்ப்பு பத்துத் தொகுதிக்கும் இருக்கிறது. அப்புறம் ஃபுஜிசாகி. மிச்சிஹாராவைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு வேண்டுகோள்: முதல் தொகுதியின் தொடக்கத்தில் பல நூற்றாண்டு வரலாறு வறட்சியாக நீளும், அதைத் தாண்டிவிடாதீர்கள். மக்கள் தாங்களே ஓட்டுப் போட்டு, பேரரசை நிறுவிய ருடால்ஃபை எப்படி அரியணை வரை ஏற்றிவிட்டார்கள் என்பது அங்கேதான் இருக்கிறது. ஊழல் மலிந்த ஒரு ஜனநாயகத்துக்காக யாங் ஏன் கடைசி வரை மல்லுக்கட்டுகிறான் என்பது அதைப் படிக்காமல் புரியாது.