நோட்டரியின் முத்திரை – கடிதமும் பதிலும்

வணக்கம். பத்து ஆண்டுகளாக நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். அமெரிக்க மக்கள்தொகையில் நூற்றுக்கு இரண்டு பேர் அளவிலேயே இருக்கும் யூதர்கள், குடியேற்றம் முதல் பள்ளி நிதி வரை எல்லாச் சட்டங்களிலும் தாங்கள் நினைத்ததை எப்படிச் சாதிக்கிறார்கள்? எல்லாம் பணம் செய்யும் வேலை என்கிறான் என் நண்பன். நாமும் அப்படி ஓர் அமைப்பு தொடங்கலாமா? தொடங்கினால் முதலில் எதைக் கேட்பது?

ர.

அன்புள்ள ர.,

உங்கள் கடிதம் வந்தபோது நான் ஒரு பவர் பத்திரத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் மேரிலாந்தில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, ஊரிலிருக்கும் நிலத்தைத் தம்பி கவனித்துக்கொள்வதற்காக எழுதிக் கொடுத்தது. கூரியர் கடையொன்றின் மூலையில் அமர்ந்திருந்த நோட்டரி அம்மாள், என் பாஸ்போர்ட்டையும் முகத்தையும் இருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, முத்திரையை வைத்து உள்ளங்கையால் அழுத்தினார். அந்த முத்திரைக்கு ஒரு கதை இருப்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

உங்கள் நண்பரின் பேச்சுக்கு நீண்ட பதில் எழுத விருப்பமில்லை. சிறிய கூட்டம், பெரிய பணம், மறைவான பிடி என்னும் அந்த வசை ஐரோப்பாவில் எத்தனை உயிர்களைக் குடித்தது என்பதை அறிந்தவர் நீங்கள்; அதைக் கேள்வியாக்கி எனக்கு அனுப்பியிருக்க வேண்டாம். நினைத்ததையெல்லாம் சாதிக்கிறார்கள் என்பதும் உண்மையன்று. மதப் பள்ளிகளுக்கு அரசுப் பணம் வேண்டுமென்று அகுதத் இஸ்ரேல் போன்ற வைதிக யூத அமைப்புகள் கேட்டால், கூடாதென்று அமெரிக்க யூதக் காங்கிரஸ் என்ற இன்னொரு யூத அமைப்பு நீதிமன்றம் ஏறியது. சனிக்கிழமை ஓய்வுநாளைக் கடைப்பிடித்த பிலடெல்பியாவின் யூதக் கடைக்காரர்கள், ஞாயிறு கடையடைப்புச் சட்டத்தால் வாரத்தில் இரண்டு நாள் வியாபாரம் போகிறதென்று உச்ச நீதிமன்றம் வரை சென்று 1961 மே மாதத்தில் தோற்றார்கள்.

அதே ஆண்டு ஜூனில் அதே நீதிமன்றம் வேறொரு தீர்ப்பளித்தது. அதைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேரிலாந்தின் 1776 அரசியலமைப்பின்படி, அங்கே அரசுப் பதவி ஏற்பவர் கிறித்தவ மதத்தில் நம்பிக்கை உண்டென்று அறிவிக்க வேண்டியிருந்தது. பால்டிமோர் வணிகர் சாலமன் எட்டிங்கும் அவரைச் சேர்ந்தவர்களும் 1797இல் இதை மாற்றக் கோரி மனுக் கொடுத்தார்கள், பயனில்லை. 1818இல் அந்தக் கோரிக்கையைச் சட்டமன்றத்தில் கையில் எடுத்தவர் தாமஸ் கென்னடி. அவர் யூதரல்லர், ஸ்காட்லாந்தில் பிறந்த கிறித்தவர். தமக்கு ஒரு யூதரையும் பழக்கமில்லை என்று அவையிலேயே சொன்னவர். 1823 தேர்தலில் ‘கிறித்தவ அணி’ என்று பெயர் சூட்டிக்கொண்டு நின்றவர்கள் அவரைத் தோற்கடித்தார்கள். அவர் மீண்டும் வென்று வந்தார். 1826இல் சட்டம் நிறைவேறியது. அப்போது மாநிலத்தில் இருந்த யூதர்கள் ஏறத்தாழ நூற்றைம்பது பேர். வாக்குக்காகச் செய்தாரென்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் அந்தச் சட்டம் யூதர்களுக்கு மட்டுமே கதவைத் திறந்தது. கிறித்தவ அறிவிப்புக்குப் பதிலாக, நன்மை தீமைகளுக்கு மறுமையில் பலன் உண்டென்ற நம்பிக்கையை அவர்கள் அறிவித்தால் போதும் என்றது. நம்பிக்கையே இல்லாதவன் வாசலிலேயே நின்றான். பிறகு வந்த அரசியலமைப்பிலும் கடவுள் நம்பிக்கை அறிவிப்பு நீடித்தது. நோட்டரியாக நியமனம் பெற்ற ராய் டொர்காசோ என்ற நாத்திகர் அதைச் சொல்ல மறுத்தார். பதவி கைக்கு வரவில்லை. உச்ச நீதிமன்றத்தில் அவருக்காக வாதாடியவர்களில் ஒருவர் லியோ ஃபெஃபர், அமெரிக்க யூதக் காங்கிரஸின் வழக்கறிஞர். தங்கள் பெயரால் கிடைத்த சட்டத்தோடு திருப்தியடைந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். நூற்று முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, கடவுளே இல்லையென்ற ஒருவருக்காக அதே மாநிலத்தை எதிர்த்து ஒரு யூத அமைப்பின் வழக்கறிஞர் நின்றார். 1961 ஜூனில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக டொர்காசோ பக்கம் தீர்ப்பளித்தார்கள். என் பத்திரத்தில் முத்திரையிட்ட அம்மாளுக்குச் சாமி உண்டோ இல்லையோ, அதை அவர் யாரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

குடியேற்றத்தைக் குறிப்பிட்டிருந்தீர்கள். நாடுவாரியாக ஒதுக்கீடு வைத்த 1924 சட்டத்தை எதிர்த்துப் பேசியவர், அதற்கு முந்தைய ஆண்டில்தான் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குள் நுழைந்திருந்த புரூக்ளின்காரர், யூதரான இமானுவேல் செல்லர். யூத அமைப்புகளும் அந்த ஒதுக்கீட்டைத் தொடர்ந்து எதிர்த்தன. அதை ஒழித்த சட்டம் அவர் பெயரும் சேர்ந்து நிறைவேறியபோது ஆண்டு 1965. யாருக்காக அந்தக் கதவைத் தட்டினாரோ, அவர்களில் எத்தனையோ பேர் இடையில் ஐரோப்பாவில் கொல்லப்பட்டிருந்தார்கள். திறந்த கதவு வழியாக நம்மவர்களும் உள்ளே போனார்கள். அதற்கு முன் இந்தியாவுக்கென இருந்த ஒதுக்கீடு ஆண்டுக்கு நூறு பேர். உங்களுக்கு விசா கிடைத்த கதையில் இந்தப் பெயரை நீங்கள் ஒருமுறையாவது கேட்டதுண்டா?

அமைப்பு தொடங்குவதா என்று கேட்டீர்கள். தொடங்குங்கள், பெயரும் சின்னமும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் உங்கள் மாநிலத் தலைநகர் ட்ரெண்டனில் சட்டமன்றக் குழு கூடும் ஒரு நாளில் விடுப்பு எடுத்துப் போய், உங்களுக்கு ஒரு டாலர் லாபமும் இல்லாத ஒரு மசோதாவுக்காக மூன்று நிமிடம் சாட்சி சொல்லிவிட்டு வாருங்கள். நண்பரையும் அழைத்துச் செல்லுங்கள். அங்கே உங்களுக்கு முன் எத்தனை பேர் பெயர் கொடுத்துக் காத்திருந்தார்கள், அவர்கள் எதற்காக வந்திருந்தார்கள் என்பதை எனக்கு எழுதுங்கள்.

பத்திரம் இன்னும் கிடைக்கவில்லை.