தமிழ்ப்பள்ளியில் நன்றாகப் படித்த பிள்ளைகள் இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டான படிவம் 1-க்குப் போனதும் ஏன் மாறிவிடுகிறார்கள்? பெற்றோர் என்ன செய்யலாம்?

மலேசியாவில் தமிழ்வழிக் கல்வி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. பதின்மூன்று வயதில், 'நான் யார்' என்ற கேள்வி தலைதூக்கும் அதே வேளையில், பாடமொழி மலாய் ஆகிறது; நண்பர்கள், ஆசிரியர்கள் எல்லாரும் சேர்ந்து மாறுகிறார்கள்.

ஒரு பையனை நினைத்துப் பாருங்கள். தமிழ்ப்பள்ளியில் அவன் கணக்கில் கெட்டிக்காரன், ஓட்டக்காரன், வகுப்புத் தலைவன். இடைநிலைப்பள்ளியில் முதல் நாளே 'இந்திய மாணவன்' ஆகிவிடுகிறான். விடை தெரிந்தும் மலாயில் சொல்ல வராமல் வாய் மூடிக்கொள்ளும் பிள்ளையைப் பின்வரிசை உடனே சேர்த்துக்கொள்ளும். சிலர் தங்கள் கூட்டத்துக்குள் அடைந்துகொள்கிறார்கள். சிலர் நாலு பேர் முன்னால் தமிழில் பேசவே கூசுகிறார்கள். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: மலாயில் தயங்காமல் பேச வராதது. அதனால் மலாய் மொழியைப் பலப்படுத்துவது தமிழைக் காப்பதற்கே முதல் வேலை என்பேன். அதை ஐந்தாம் ஆண்டிலேயே தொடங்குங்கள். பயிற்சி நூல் போதாது. மலாய் பேசும் பிள்ளைகளோடு விளையாட விடுங்கள்.

அடுத்தது தமிழ் வகுப்பு. 1996 கல்விச் சட்டப்படி குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் பள்ளி தமிழ் கற்பிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். பள்ளி தானாகவே தொடங்கும் என்று காத்திருப்பதால்தான் பல இடங்களில் வகுப்பே இல்லை. கால அட்டவணை முடிவாகும் முன், பிள்ளைகளின் பெயர், வகுப்பு, பெற்றோர் கையொப்பத்தோடு கடிதம் கொடுங்கள். வகுப்பைப் பள்ளி நேரத்துக்குள் வைக்கக் கேளுங்கள். பள்ளி முடிந்த பிறகு என்றால் வேன் போய்விடும், பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுவிடுவார்கள். மூன்று ஆண்டு இடைவெளி விழுந்த பிறகு படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வுக்குத் தமிழ் எடுப்பது மிகக் கடினம்.

வீட்டில் 'நீ தமிழன், தமிழில் பேசு' என்று அதட்டாதீர்கள். உளவியலாளர் ஜேம்ஸ் மார்சியா 1966-இல் வகுத்தபடி, தேடிப் பார்த்து ஏற்ற அடையாளம் வேறு. பெரியவர்கள் கொடுத்ததை அப்படியே ஏற்பது வேறு. அவனுக்குத் தேட இடம் வேண்டும். தீபாவளி திறந்த இல்ல உபசரிப்புக்கு மலாய், சீன நண்பர்களை அவனே அழைக்கட்டும். அவர்கள் கேட்பதற்கெல்லாம் அவனே விளக்கம் சொல்லட்டும்.

கோயில் விழாக்களில் வாசிக்கும் உறுமி மேளக் குழுவில் சேர ஆசைப்பட்டால் குண்டர் கும்பல் பயத்தில் உடனே மறுத்துவிட வேண்டாம். குழுவை நடத்துபவர் யார், பயிற்சி எங்கே, எத்தனை மணிக்கு முடிகிறது, கூட இருப்பவர்கள் பள்ளிக்குப் போகிறார்களா என்று பாருங்கள். ஒருமுறை பயிற்சிக்கு நீங்களே போய் உட்காருங்கள். மறைக்க ஏதுமில்லாத குழு பெற்றோரை வரவேற்கும்.