தெருக்கூத்தை முழுநேரத் தொழிலாக எடுத்தால் என்ன கிடைக்கும், என்ன போகும்?

ஓசூர் கம்பெனி வேலையை விட்டுவிட்டுக் கூத்து செட்டில் (ஆட்டக் குழுவில்) சேரப்போவதாகத் தம்பி சொல்கிறான், ஊர் காரிமங்கலம் பக்கம், இதில் பெரிய ஆளாக வர முடியுமா, வந்தவர்கள் வீட்டில் என்ன கஷ்டம் என்று கேட்டிருக்கிறீர்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இந்தத் தொழில் நடக்கும் விதத்தை வைத்துச் சொல்கிறேன்.

பெரிய ஆள் என்பதற்கு இங்கே அளவுகோல் விருது கிடையாது, கட்டை வேஷம்தான். கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் கட்டி ஆடும் துரியோதனன், கர்ணன், அர்ச்சுனன் போன்ற வேஷங்கள். சேர்ந்தவுடன் அது வராது. முதலில் தோழி, சேவகன், பின்பாட்டில் கூடப் பாடுவது, வேஷச் சாமான் பெட்டி தூக்குவது. பிறகு பெண் வேஷமோ அபிமன்யுவோ. தாம்பூலம் வைக்க, அதாவது கூத்துக்கு ஒப்பந்தம் பேச, வரும் ஊர்ப் பெரியவர் "துரியோதனன் யாருங்க கட்டறது?" என்று கேட்டு, அந்தப் பெயரைச் சொன்ன பிறகுதான் பணம் பேசுகிறார் என்றால், அந்த ஆள் உச்சத்தில் இருக்கிறார் என்று பொருள். அதே ஊர் அடுத்த வருஷமும் வந்தால் அதற்கும் மேலே.

திரௌபதியம்மன் கோயில் பாரதம்தான் இந்தத் தொழிலின் பெரிய பரீட்சை. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. பெரும்பாலும் பிரசங்கம் முன்னாலேயே தொடங்கிவிடும், கூத்து கடைசி எட்டுப் பத்து இரவுகளுக்கு வரும். வில்வளைப்பு, துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று போகும். பதினெட்டாம் போர் முடிந்த காலையில் படுகளம், அதாவது துரியோதனன் விழும் காட்சி. இரவெல்லாம் ஆடிய அதே துரியோதனன், அதே வீமன், கட்டையை அவிழ்க்காமல் வெயிலில் தரையில் செய்த துரியோதனன் மண்ணுருவத்தைச் சுற்றி ஓட வேண்டும். தொடையில் அடி விழுந்து, திரௌபதி கூந்தல் முடிந்து, கூட்டம் கலைய முற்பகல் ஆகிவிடும். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் அந்தக் கட்டு உடம்பில் இருக்கும்.

அர்ச்சுனன் தபசுக்காக நடும் உயரமான தபசு மரத்தில் ஏறுபவருக்கு வேறு மாதிரி மரியாதை. காப்புக் கட்டி விரதம் இருந்து, படிக்கு ஒரு பாட்டாக ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் வீசுவார். கீழே பிள்ளை வரம் கேட்டுப் பெண்கள் மடியேந்தி நிற்பார்கள். ஏறுவதற்கு முன்பு பகலிலேயே ஒவ்வொரு படிக்கட்டையையும் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். போன வருஷத்து மரத்தையே நட்டிருந்தால், காய்ந்து சுருங்கிய துளையில் கட்டை ஆடும். இடுப்பில் கயிறு கட்டிக்கொள்வது சாமிக்குக் குறை என்று சில ஊர்களில் சொல்வார்கள். என் கருத்தில், கயிறு கூடாது என்கிற ஊரில் ஏறக் கூடாது.

இனி உடம்பு. கட்டைகளை இழைப்பது கல்யாண முருங்கை மரத்தில், கனம் குறைவு என்பதால். ஆனால் கண்ணாடிச் சில்லு, மணி, ஜிகினா எல்லாம் ஒட்டி, கீழே வைக்கோலும் புடவைகளும் வைத்துக் கட்டிய பாவாடையும் சேரும்போது கனம் திரும்பி வந்துவிடுகிறது. கட்டும் வரிசை முக்கியம். கணுக்காலில் முதலில் துணி, அதன் மேல் சலங்கை. துணி இல்லாவிட்டால் இரண்டே இரவில் தோல் உரிந்துவிடும். அடுத்து பாவாடை, முகம், மார்ப்பதக்கம், புஜக்கட்டை. கிரீடம் கடைசியில், திரைக்குப் போகும் நேரத்தில்தான். தலையில் சுற்றும் துணியை இறுக்கினால் விடியும்போது தலை பிளக்கும், தளர்த்தினால் கிறுக்கி (வேகச் சுழற்சி) சுற்றும்போது கிரீடம் சாயும். திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் பாடி, திரை விலகி, முதல் சுற்று முடிவதற்குள் கிரீடம் சாய்ந்த துரியோதனனைக் கூட்டம் கடைசி வரைக்கும் மதிக்காது. சனங்கள் இதில் மட்டும் ரொம்பக் கறார்.

இடுப்புக் கயிறு மூச்சைப் பிடிக்கும். ஆகவே எட்டு மணிக்குள் கொஞ்சமாகச் சாப்பிட்டு முடிக்க வேண்டும்; ஊர்க்காரர் அன்போடு போடும் கறிச்சோற்றை ஒரு பிடி பிடித்தால் சுற்றும்போது வாந்தி. வேஷம் கட்டிவிட்டால் விடியும் வரை சிறுநீர் கழிக்க வழியில்லை என்று பலர் தண்ணீரே குடிப்பதில்லை. வியர்வை மட்டும் கொட்டிக்கொண்டிருக்கும். வருஷக்கணக்கில் இப்படிச் செய்தால் நீர்க்கடுப்பும் சிறுநீரகக் கல்லும் வரும். பெண் வேஷக்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, அவர்களுக்கு முழங்காலும் கொஞ்சம் பிழைக்கும். நம் பக்கத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது தெரிந்ததுதான், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காக. போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்து மூட்டு இறுகிப்போனவருக்கு நாற்பது வயதுக்கு மேல் அடவு (ஆட்ட அசைவு) போடுவது இரட்டைச் சிரமம்.

முகத்துக்குப் பழைய காலத்தில் பூசிய அரிதாரம் ஆர்செனிக் கலந்த கனிமம். இப்போது கடையில் விற்கும் பொடிகள்தான். துரியோதனனுக்குச் சிவப்பு, கிருஷ்ணனுக்குப் பச்சை. பூசுவதற்கு முன்பு தேங்காயெண்ணெய் தேய்க்க வேண்டும், கலைக்கும்போதும் எண்ணெயால் துடைத்துவிட்டுத்தான் சோப்பு. அவசரத்தில் நேரே சோப்புப் போட்டால் பொடி இமை ஓரத்தில் தங்கி, கண் சிவந்து, அடுத்த இரவு மை வைக்க முடியாது.

தொண்டையைக் கெடுப்பது பாட்டைவிடக் குளிர்ந்த பீரும் பீடியும்தான். மைக் வைத்த பிறகும் சிலர் பழைய வழக்கத்தில் கத்துகிறார்கள். முதல் அரை மணியிலேயே ஆர்மோனியச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டால் கர்ண மோட்சம் வரைக்கும் குரல் நிற்கும். விடிந்ததும் அலுப்புக்கு என்று தொடங்கும் குவாட்டர் பிறகு ஆட்டத்துக்கு முன்பே வந்து நிற்கும். நல்ல வேஷக்காரர்கள் பலரை வீட்டில் உட்கார வைத்தது அதுதான்.

பணக் கணக்கைத் தம்பிக்குத் தெளிவாகச் சொல்லுங்கள். எடுத்துக்காட்டாக ஓர் இரவுக்கு 30,000 ரூபாய் பேசியிருப்பதாக வைத்துக்கொள்வோம். வேன், டீசலுக்கு 5,000 போனால் மீதி 25,000. வேஷச் சாமான் பெட்டியின் சொந்தக்காரரான பெட்டிக்காரருக்கு இரண்டு பங்கு, கூத்து சொல்லித்தரும் வாத்தியாருக்குக் கூடுதல் பங்கு, மத்தளம், ஆர்மோனியம், முகவீணை, வேஷக்காரர்கள் என்று மொத்தம் 20 பங்கு வந்தால் ஒரு பங்கு 1,250. புதுப் பையனுக்கு அரைப் பங்கு, அதாவது 625. முழுப் பங்குக்காரருக்கு வருஷத்தில் 100 இரவு கிடைத்தால்கூட ஒன்றேகால் லட்சம்தான். மைக்கில் பெயர் சொல்லிக் கொடுக்கும் அன்பளிப்பு யாருக்குச் சேரும், ஆடியவருக்கா பொதுவுக்கா, என்பதைச் சேரும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். செட்டு உடைவது பெரும்பாலும் இந்தச் சண்டையில்தான்.

இரவுகள் மாசியிலிருந்து ஆடி வரை குவியும், ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வறண்டுவிடும். "கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான்" என்பார்கள்; இந்த ஊர்க் கூத்தாடி பாதி வருஷம் கிழக்கே, மீதி வருஷம் மேற்கே பார்க்கிறவர். கார்த்திகை, மார்கழியில் ராகி அறுப்பு, இல்லையென்றால் பெங்களூர் கட்டட வேலை. அந்த மாதங்களில் பிள்ளை படிப்புக்கோ வைத்தியத்துக்கோ பெட்டிக்காரரிடம் முன்பணம் வாங்குவார்கள், சீசனில் கழிப்பார்கள். கழியாத பாக்கி இருக்கும்வரை வேறு செட்டுக்குப் போக முடியாது. 2020, 2021 இரண்டு வருஷமும் ஊரடங்கு சரியாகத் திருவிழா மாதங்களில் விழுந்ததால் அப்படி ஏறிய கடனை அடைக்கப் பலர் ரொம்ப நாள் ஆடினார்கள்.

வீட்டுக் கஷ்டம் என்று தனியாக எழுத அதிகம் இல்லை, எல்லாம் மேலே சொன்னதிலிருந்து வருவதுதான். சொந்தக்காரர் கல்யாணம், காதுகுத்து எல்லாம் நடக்கும் மாதங்களில் ஆள் ஊரில் இருக்க மாட்டார். பெண் கேட்டுப் போனால் "கூத்தாடிக்கா?" என்பார்கள். துரியோதனன் வேஷத்தில் ஆடியபோது அவர் காலில் விழுந்த அதே ஊரில்.

அனுமதி விஷயமும் உண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்கு மாநில அரசு வருஷத்தில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்தலாம். விடிய விடிய ஆடும் கூத்து போலீஸ் ஸ்டேஷன் தயவில்தான் நடக்கிறது. பாதியில் நின்றால் ஊர் பாதிப் பணம்தான் தரும். நின்றால் யார் பொறுப்பு என்பதைத் தாம்பூலத்தன்றே பேச வேண்டும்.

முழுநேரமாக இறங்குவதென்றால் முதல் வேலை, நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு. விபத்து மரணம், பிள்ளைகள் படிப்பு, திருமணம் ஆகியவற்றுக்கு உதவி உண்டு. கலை பண்பாட்டுத் துறையின் மண்டல அலுவலகம் சேலத்தில் இருக்கிறது. மாவட்டக் கலை மன்ற விருதுகளில் 19 முதல் 35 வயது வரை கலை வளர்மணி, 36 முதல் 50 வரை கலைச் சுடர்மணி. வயதான பின் இயல் இசை நாடக மன்றம் தரும் நலிந்த கலைஞர் நிதியுதவி இப்போது மாதம் 3,000 ரூபாய். எல்லாவற்றுக்கும் ஆடியதற்குச் சான்று கேட்பார்கள். ஆகவே நோட்டீஸ், பேர் வந்த போஸ்டர், ஊர்க் கடிதம் எதையும் தூக்கிப் போடக் கூடாது. பெட்டிக்காரர் வைத்திருப்பார் என்று நம்பி இருந்தவர்கள் அறுபது வயதில் அலைகிறார்கள்.

தம்பிக்கு வாய் இருந்தால் கட்டியங்காரன் (கதையை அறிவித்துச் சிரிக்க வைக்கும் கோமாளி) வேஷத்தையும் பழகச் சொல்லுங்கள். கட்டை கிடையாது, முழங்கால் தேயாது, தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசத் தெரிந்தால் எழுபது வயதிலும் செட்டு விடாது. கம்பெனி வேலையை இப்போதே விட வேண்டாம். ஆடி மாதம் முடிந்ததும் வாத்தியாரைப் போய்ப் பார்க்கட்டும், அப்போதுதான் உட்கார வைத்துச் சொல்லித்தர அவருக்கு நேரம் இருக்கும். மார்கழிக்குள் இரண்டு கூத்துக்குப் பாட்டும் வசனமும் வாயில் வந்துவிட்டால், மாசியில் விடுப்புப் போட்டுப் பத்து இரவு போய்ப் பார்க்கலாம்.