நைட்ரஜனுக்கும் மூணு, அசிட்டிலீனுக்கும் மூணு: கடிதம்

வணக்கம் சார், பிளஸ் டூ படிக்கிறேன். பாண்ட் ஆர்டர், அதாவது ரெண்டு அணுவுக்கு நடுவுல எத்தனை பாண்டுங்கற கணக்கு, கூடினா ஸ்டெபிலிட்டி கூடும்னு கிளாஸ்ல சொன்னாங்க. நைட்ரஜனுக்கு 3, அது பேசாம கெடக்குது, சரி. அசிட்டிலீன்லயும் ரெண்டு கார்பனுக்கு நடுவுல 3 தானே, அது மட்டும் ஏன் வெடிக்குது? எக்ஸாம்ல என்ன எழுதுறது?

தம்பி,

எக்ஸாம்ல புக்ல உள்ளதையே எழுதிடுப்பா, மார்க் அதுக்குத்தான்.

அந்த விதி பொய்யில்ல. ஆனா அது சொல்றது அந்த ஒரு பாண்டைப் பிச்சு தனித்தனி அணுவாக்க எவ்வளவு எனர்ஜி ஆகும்ங்கறது மட்டும்தான், அதுவும் அதே ஜோடி அணுக்களுக்குள்ள பாத்தாதான் சுத்தமா ஒத்துப்போகும். ஆக்சிஜனுக்கு 2, பாண்ட் நீளம் 121 பிக்கோமீட்டர். ரெண்டு எலக்ட்ரான் ஏறி பெராக்சைடு ஆனா 1, 149-க்கு நீண்டுடும். ஆக்சிஜன்ல இருந்து ஒரு எலக்ட்ரானை உருவிட்டா 2.5, 112-க்கு சுருங்கிடும், ஏன்னா உருவுறது பாண்டைத் தளர்த்துற ஆன்டிபாண்டிங் ஆர்பிட்டால்ல இருந்து. பாண்ட் கெட்டியாச்சே, அப்ப அந்த அயனி சாதுவா இருக்கும்னு நினைச்சா அதான் இல்ல, எதிர்ல யாரு வந்தாலும் எலக்ட்ரானைப் பிடுங்கப் பாக்கும். 1962-ல வேதியியலாளர் நீல் பார்ட்லெட் அந்த அயனி இருக்கிற உப்பைப் பாத்துட்டுதான், ஆக்சிஜன்கிட்டயே எலக்ட்ரானைப் பிடுங்குற பிளாட்டினம் ஹெக்சாஃப்ளூரைடு எதோடயும் சேராதுன்னு நினைச்சிருந்த செனான் வாயுகிட்டயும் பிடுங்குமேன்னு யோசிச்சாரு, ரெண்டுக்கும் அயனியாக்க ஆற்றல் ஏறக்குறைய ஒண்ணுதான். பிடுங்குச்சு. சிலபஸ்ல இல்லேன்னாலும் தேடிப் படி.

இப்ப உன் கேள்வி. நைட்ரஜன்ல ஒத்தை பாண்டைப் பிக்க மோலுக்கு சுமாரா 160 கிலோஜூல், மூணு பாண்டுக்கு 945, ஆறு மடங்குக்குக் கொஞ்சம்தான் கம்மி. அதனால அது அப்படியே இருக்கறதுதான் அதுக்கு லாபம். கார்பன்ல கணக்கு தலைகீழ்: ஒத்தைக்கு 347, மூணுக்கு 839, ஆனா மூணு ஒத்தை பாண்டைத் தனித்தனியா போட்டா 1041 வருது பாரு. அசிட்டிலீனுக்கு அந்த மூணை விட்டுட்டு பக்கத்து கார்பனோட ஒத்தையா சேர்றதுலதான் லாபம், அழுத்தம் ஏறிட்டா காத்து இல்லாமலே கார்பனும் ஹைட்ரஜனுமா சிதறும், மோலுக்கு 227 கிலோஜூல் வெளிய வரும்.

வெல்டிங் பட்டறையில டிஏ (டிசால்வ்டு அசிட்டிலீன், கரைச்சு வச்ச அசிட்டிலீன்) சிலிண்டர் பாத்திருப்ப. அதுல வெறும் கேஸ் கிடையாது, உள்ள பூரா பொடித்துளை நிறைஞ்ச கட்டி, அதுல ஊறின அசிட்டோன், அந்த அசிட்டோன்ல கரைஞ்சுதான் அசிட்டிலீன் இருக்கு. படுக்கப்போட்டு திறந்தா அசிட்டோனும் சேர்ந்து வெளிய வந்துடும், அதான் நிமித்தி வைக்கச் சொல்றாங்க.