குடியிருப்புப் பூங்கா: கேள்வி பதில்

கேள்வி: பொதுமக்களுக்கான பூங்காக்கள் எப்படி வந்தன?

பதில்: முன்பெல்லாம் அரசரோ பிரபுவோ மனம் வைத்துத் தம் தோட்டத்தைத் திறந்துவிட்டால்தான் உண்டு. இங்கிலாந்தின் டெர்பியில் 1840இல் ஜோசப் ஸ்ட்ரட் என்ற ஆலை முதலாளி ஊருக்குத் தந்த பூங்காவில்கூட வாரத்தில் இரண்டு நாள்தான் இலவசம். அதே இங்கிலாந்தில் நகராட்சிப் பணத்திலேயே உருவான பர்கன்ஹெட் பூங்கா 1847இல் திறந்தது. அதைப் பார்த்து வியந்த அமெரிக்கர் ஓம்ஸ்டெட்தான் பின்னாளில் கால்வர்ட் வாக்ஸுடன் சேர்ந்து நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்தார்.

கேள்வி: எங்கள் பூங்கா கையகல இடம். இரண்டு நிமிடத்தில் சுற்றி முடித்துவிடுகிறோம்.

பதில்: பாதையை வளைத்துப் போடுங்கள். டெர்பி பூங்காவும் 11 ஏக்கர்தான். அதை அமைத்த ஜான் லவுடன் பாதைகளுக்கு நடுவே மண்மேடுகளை எழுப்பினார். பக்கத்துப் பாதையில் நடப்பவர் கண்ணில் படமாட்டார், இடம் முடிவதும் தெரியாது. மேட்டுக்கு இடமில்லையென்றால் அடர்ந்த புதர்ச்செடி வையுங்கள். ஊஞ்சல் பக்கம் மட்டும் மறைப்பே வேண்டாம்.

கேள்வி: மரத்தைச் சுற்றி சிமென்ட் மேடை கட்ட நன்கொடை வந்திருக்கிறது. கட்டலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். நீரை உறிஞ்சும் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில், ஓரிரு அடிக்குள், கிளை விரிவையும் தாண்டிப் பரவியிருக்கும். அந்த மண் மூச்சு விட வேண்டும். மேடைக்குள் மண்ணை நிரப்பினால் அடிமரப்பட்டை ஈரத்தில் ஊறி அழுகும். மரம் உடனே சாகாது, அதுதான் கொடுமை. சில ஆண்டுகள் கழித்து உச்சிக்கிளை காயும்போது மேடையை யாரும் சந்தேகிக்கமாட்டார்கள். அடிமரம் அகன்று வேராகப் பிரியும் இடம் வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். புதைந்திருந்தால் கையாலேயே மண்ணை விலக்குங்கள். நன்கொடையில் சாய்மானமும் கைப்பிடியும் உள்ள பெஞ்சுகள் வாங்கலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் கைப்பிடியை ஊன்றித்தான் எழுவார்கள்.

கேள்வி: ரப்பர் விரிப்புக்குப் பணமில்லை. ஊஞ்சலுக்கு அடியில் சிமென்ட் தரை போடலாமா?

பதில்: கூடவே கூடாது. ஓரடி ஆழத்துக்கு மணல் கொட்டுங்கள். அடிக்கடி கொத்திவிடுங்கள், மிதிபட்டு இறுகிய மணலும் கல்தான். அமெரிக்காவின் விளையாட்டுத் திடல் வரலாறே 1885இல் பாஸ்டனில் குழந்தைகளுக்காகக் கொட்டிய மணற்குவியலில்தான் தொடங்குகிறது.

கேள்வி: கழிவறையை எங்கே கட்டுவது?

பதில்: நுழைவாயிலுக்கு அருகில், நாலு பேர் நடமாடும் இடத்தில். மூலையில் ஒதுக்கினால் பெண்கள் அந்தப் பக்கமே போகமாட்டார்கள்.